நல்வாழ்வு நூல்களைப் படிப்பது எப்படி?

(நூலக வகுப்பில் நடத்திய பாடம், கட்டுரை வடிவில்)



சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க நூலகத்திற்கு வந்தாள். தன்னம்பிக்கையை வளர்ப்பது பற்றிய புத்தகம் அது. நம் கோ-கோ அணியில் நன்றாக ஓடிக் கொண்டிருந்த பெண் அவள். சில மாதங்களாக மைதானத்தின் பக்கமே அவளைக் காணவில்லை. புத்தகத்தை மேசைமீது வைத்தவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்:

"மிஸ், இதில் சொல்லியிருக்கிறபடி எல்லாம் செய்து பார்த்தேன். ஆனாலும் விடியற்காலையில் எழுந்திருக்க முடியவில்லை. மத்தியானம் வகுப்பில் கண் சொக்குகிறது. இரண்டு சுற்று ஓடினால் மூச்சு வாங்குகிறது. எனக்கு மன உறுதியே கிடையாது போலிருக்கிறது."

அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். கண்ணின் கீழிமை உட்புறம் வெளிறிக் கிடந்தது. நகங்களிலும் சிவப்பு இல்லை. அன்று மாலையே அவள் தாயாரை வரவழைத்துப் பேசினோம். மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 12 கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின், அவளுக்கு 8.5 கிராம்தான் இருந்தது. ஆக, மன உறுதிக்கு ஒரு குறையும் இல்லை; குறைந்திருந்தது இரும்புச் சத்து!

அந்தப் புத்தகம் பொய் சொல்லிற்றா? இல்லை. அது வேறொரு குறைக்கு எழுதப்பட்ட மருந்து. அதை இவள் தன் நோய்க்குக் குடித்துப் பார்த்தாள். குணமாகாதபோது தன்னையே நொந்துகொண்டாள். நூலகத்தில் இலக்கணத்திற்கும் கணக்கிற்கும் வழிகாட்டும் நாம், இத்தகைய நூல்களை எப்படிப் படிப்பது என்று ஒருநாளும் சொல்லித் தந்ததில்லையே என்று அன்று என் மனம் உறுத்தியது. அந்த உறுத்தலில் பிறந்ததே இப்பாடம்.

நம் நூலகத்தில் மாணவியர் அதிகமாக விரும்பி எடுக்கும் நூல்களில் கதைகளுக்கு அடுத்தபடியாக நிற்பவை மூன்று வகை. உடல் நலம், மன நலம் பற்றியவை ஒன்று; குடும்ப வாழ்வு பற்றியவை மற்றொன்று; விளையாட்டு பற்றியவை மூன்றாவது. இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. தமிழில் இந்நூல்கள் வந்த கதை

"வாழ்வில் முன்னேறுவது எப்படி?" என்று சொல்லும் நூல்கள் அண்மைக் காலத்தில் தோன்றியவை என்று பலர் நினைக்கிறார்கள். அறநூல்கள் நம்மிடம் ஈராயிரம் ஆண்டுகளாக உண்டு. திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. முன் உண்டது செரித்த பிறகு அளவறிந்து உண்பவனுக்கு வேறு மருந்து வேண்டாம் என்பது அதன் சாரம். ஆனால், தனிமனிதனை நோக்கி, "நீ இப்படிச் செய், உயர்வாய்" என்று உரைநடையில் பேசும் நூல்வகை மேல்நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. 1859ஆம் ஆண்டில் சாமுவேல் ஸ்மைல்ஸ் என்பவர் தன்னுதவி என்ற பொருளில் எழுதிய ஆங்கில நூல் அவ்வகைக்குப் பெயர் பெற்றது.

தமிழுக்கு அது எவர் வழியாக வந்தது தெரியுமா? கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரனார் வழியாக! 1908இல் அரசாங்கத்துக்கு எதிராகப் பேசினார் என்று தண்டிக்கப்பட்டு அவர் சிறை சென்றார். கோயம்புத்தூர்ச் சிறையில் அவரைச் செக்கிழுக்க வைத்த செய்தியை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தச் சிறை நாட்களில்தான் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் 1903ஆம் ஆண்டு நூல் ஒன்றை அவர் தமிழாக்கினார். 'மனம்போல வாழ்வு' என்ற பெயரில் 1909இல் அது வெளிவந்தது. பின்னர் அதே ஆசிரியரின் நூல்களை 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' என்றும் தமிழில் தந்தார்.

அவருக்குப் பின் பலர் வந்தனர். இராமநாதபுரம் சீமையில் தொண்டியில் பிறந்த அப்துற் றஹீம், 'வாழ்க்கையில் வெற்றி' முதலிய நூல்களால் தமிழ் இளைஞரிடையே வாசக வட்டம் ஒன்றையே உண்டாக்கினார். டாக்டர் மு. வரதராசனார் அண்ணன் தம்பிக்கு எழுதுவது போலவும், தங்கைக்கு எழுதுவது போலவும் கடித நூல்கள் எழுதினார். அமெரிக்காவில் பேராசிரியராகவும் தொழிலதிபராகவும் இருந்து திரும்பிய டாக்டர் எம்.எஸ். உதயமூர்த்தி, 'எண்ணங்கள்' என்ற நூலால் வீடுதோறும் அறியப்பட்டார். 1988இல் வந்த 'உன்னால் முடியும் தம்பி' என்ற திரைப்படத்தின் கதாநாயகனுக்கு உதயமூர்த்தி என்றே பெயர் வைத்தார்கள் என்றால் அவருடைய செல்வாக்கை உணரலாம்.

2. எண்ணமும் கூலியும்

இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஜேம்ஸ் ஆலனின் கருத்தைச் சுருக்கிச் சொன்னால், மனிதனின் எண்ணம் எப்படியோ அப்படியே அவன் வாழ்வு அமைகிறது என்பதாகும். இதை மொழிபெயர்த்தவர் செக்கிழுத்துக் கொண்டிருந்தாரே, அது அவர் எண்ணத்தின் கோளாறா? அல்லவே!

வ.உ.சி. சிறை செல்வதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1908 பிப்ரவரி இறுதியில், தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர் வ.உ.சி. சில நாட்களிலேயே ஆலை நிருவாகம் இணங்கி வந்தது. "நல்ல எண்ணம் எண்ணுங்கள், கூலி தானே உயரும்" என்று அவர் தொழிலாளரிடம் சொல்லவில்லை. அவர்களோடு தெருவில் நின்றார். பிறகு தனிச் சிறையில், கைக்கு எட்டுவது தம் மனம் ஒன்றே என்றிருந்த வேளையில், மனத்தைக் காக்கும் நூலைக் கையில் எடுத்தார். எது நம் கையில் இருக்கிறது, எது பலர் கூடிச் செய்ய வேண்டியது என்ற பகுப்பு அவருக்குத் தெளிவாக இருந்தது.

இந்தப் பகுப்பைத்தான் மாணவியரே, நீங்கள் முதலில் கற்க வேண்டும். நலம் பற்றிய நூல் ஒன்றைத் திறக்கும்போது, "இக்குறை என் முயற்சியால் தீருமா? மருத்துவரால் தீருமா? வீட்டார் சேர்ந்து தீர்ப்பதா? ஊர் சேர்ந்து தீர்ப்பதா?" என்று கேளுங்கள். எல்லாக் குறைக்கும் உங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் நூலை எச்சரிக்கையோடு படியுங்கள்.

இரத்தசோகையையே எடுத்துக்கொள்வோம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. ஆகவே, நம் வகுப்பறையிலும் பல பெஞ்சுகளில் அது உட்கார்ந்திருக்கக் கூடும். பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் நீல நிற மாத்திரையில் 60 மில்லி கிராம் இரும்பும், அதனுடன் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வாயில் போட்டதுபோல் காட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே எறியும் கெட்டிக்காரிகள் சிலரை நான் அறிவேன்! வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். மதிய உணவுக்குப் பின் விழுங்கினால் அத்தொல்லை குறையும். கேழ்வரகு, கீரை, வேர்க்கடலை, பயறு, மீன், இறைச்சி ஆகியவற்றில் இரும்பு உண்டு. காய்கறிகளிலும் தானியங்களிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்காது. ஒரு நெல்லிக்காயோ, கொய்யாத் துண்டோ, எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் நன்கு ஏற்கும். சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் அந்த இரும்பு வீணாகும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். குடற்புழு இருந்தால் உண்டதன் பயனும் குறையும். இவற்றை எல்லாம் ஆதாரத்தோடு சொல்லும் மெலிந்த நூல் ஒன்று, வெற்றியைப் பற்றி முழங்கும் பருத்த நூல் மூன்றுக்குச் சமம்.

3. ஷிப்டு வீட்டில் குடும்ப நூல்

இனிக் குடும்ப நூல்களுக்கு வருவோம். நம் பகுதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏரியும் வயலும் புஞ்சைக் காடுமாக இருந்த இடம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி ஆலை வந்தது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் அதில் வேலைக்குச் சேர்ந்தனர். 2014இல் அது மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் மற்றொரு கார் ஆலை எழுந்தது. பின்னர் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகின. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதிக் கட்டடங்கள் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. பெண்கள் மட்டுமே வாழும் ஒரு சிறு நகரம் என்றே அதனைச் சொல்லலாம்.

நம் மாணவியர் பலருடைய வீட்டுச் சுவரில் நாட்காட்டியின் பக்கத்திலேயே ஷிப்டுப் பட்டியலும் தொங்குகிறது. அப்பாவுக்கு இந்த வாரம் இரவு ஷிப்டு. அம்மாவுக்குக் காலை ஷிப்டு. அவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது மகள் பள்ளிக்குக் கிளம்பிக் கொண்டிருப்பாள். ஒரே கூரையின்கீழ் இருந்தும், மூவரும் சேர்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. சில வாரங்களில் அதுவும் இல்லை.

இவ்வீடுகளுக்குக் குடும்ப நூல்கள் என்ன சொல்லும்? இங்கே நம் பகுதியின் மைந்தர் ஒருவரை நினைவுகூர்வோம். நம் ஊரும் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் துள்ளம் என்ற சிற்றூரில் 1883இல் பிறந்தவர் திரு.வி. கலியாணசுந்தரனார். தமிழ்த்தென்றல் என்று நாடு போற்றும் திரு.வி.க. இவரே. வெஸ்லி பள்ளியில் ஆசிரியராக இருந்து, 'தேசபக்தன்', 'நவசக்தி' ஏடுகளின் ஆசிரியரானவர். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, பி.பி. வாடியா முதலியோருடன் அதனை வளர்த்தவர். பெரம்பூர் பஞ்சாலைத் தொழிலாளருக்காக ஓயாது உழைத்தவர். 1912இல் இல்லறம் ஏற்ற அவர், அதே 1918இல் தம் மனைவியை இழந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

அந்தத் தொழிற்சங்கத் தலைவர்தாம் 1927இல் 'பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை' என்ற நூலை எழுதினார். பெண் கல்வி வேண்டும், குழந்தை மணம் கூடாது, கைம்பெண்ணுக்கு மறுவாழ்வு உண்டு என்று அதில் வாதிட்டார். அந்நூல் வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1929இல்தான் பெண்ணின் திருமண வயது குறைந்தது 14 என்று சாரதா சட்டம் விதித்தது. இன்று அது 18. அன்றைய நிலையில் அவர் கருத்துகள் எவ்வளவு துணிவானவை என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஆயினும், அந்நூலை இன்று படிக்கும் மாணவிக்கு ஒரு கேள்வி எழும். பெண்மையின் முடிமணி தாய்மையே என்ற நோக்கில் அவர் பேசும் இடங்கள் உண்டு. தொழிற்சாலையில் இயந்திரத்தை இயக்கும் பெண்ணும், மருத்துவராகும் பெண்ணும், துறவு பூண்டு பிறர் குழந்தைகளுக்குக் கல்வி தரும் பெண்ணும் அந்தச் சட்டத்துக்குள் முழுவதும் அடங்குவார்களா? இப்படிக் கேட்பது ஆசிரியரை அவமதிப்பது ஆகாது. நூலுக்கும் பிறந்த ஆண்டு உண்டு. அதைக் கவனித்துப் படித்தால், எது அவர் காலத்துக்கு உரியது, எது எக்காலத்துக்கும் உரியது என்று பிரித்தறியலாம். ஒருத்தியின் உழைப்பையும் அறிவையும் மதியாத வீடு வீடாகாது என்ற அவர் உள்ளக் கருத்து நூறாண்டு கழித்தும் பழுதுபடவில்லை.

டாக்டர் மு.வ.வின் கடித நூல்கள் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்தவை. தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, உடல் நலிவால் அவ்வேலையை விட்டு, தாமே படித்து 1935இல் வித்துவான் தேர்வில் தேறியவர் அவர். பின்னாளில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக உயர்ந்தார். நல்லவராக இருப்பதோடு வல்லவராகவும் இருக்க வேண்டும் என்பது தம்பிக்கு அவர் சொன்ன அறிவுரையின் உயிர். அக்கருத்தைவிட அந்நூல்களின் வடிவமே என்னை அதிகம் கவர்ந்தது. எதிரில் நின்று சொன்னால் சண்டையாகும் சொல்லை, கடிதம் அமைதியாகக் கொண்டு சேர்க்கிறது. எழுதுபவர் யோசித்து எழுதுகிறார். படிப்பவர் தம் வேளையில் படிக்கிறார். ஷிப்டு வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வழி உண்டா?

முதலில் சொன்ன மாணவிக்கு மாத்திரையும் கீரையுமாக மூன்று மாதம் கழிந்தது. ஹீமோகுளோபின் ஏறியது, முகத்தில் களை வந்தது. மீண்டும் கோ-கோ ஆட வேண்டும் என்றாள். வீட்டில் தந்தையார் சம்மதிக்கவில்லை. "மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது? பெரிய பெண்ணாகிவிட்டாய், போதும்" என்றாராம். அவரோடு பேசலாம் என்றால், அவள் விழித்திருக்கும் நேரத்தில் அவர் உறங்குகிறார். அவர் விழிக்கும் நேரத்தில் இவள் பள்ளியில். அப்போது வகுப்பில் மு.வ.வின் கடிதம் ஒன்றைப் படித்துக் கொண்டிருந்தோம். "நீயும் எழுதேன்" என்றேன்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, ஃபிரிட்ஜின்மேல் வைத்தாள். முதல் பக்கத்தில் தன் இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் இரண்டையும் ஒட்டி, கீழே ஐந்தே வரி எழுதினாள். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் காலை, தந்தையாரின் கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: "டாக்டரம்மா சரி என்றால் ஆடு. காலையில் சாப்பிடாமல் ஓடக்கூடாது. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்."

அந்த நோட்டு இன்னும் ஃபிரிட்ஜின்மேல் இருக்கிறது. கேஸ் தீர்ந்தது, பாட்டிக்கு மாத்திரை வாங்க வேண்டும், கணக்கில் குறைந்த மதிப்பெண் — எல்லாச் செய்திகளும் அதில்தான் போகின்றனவாம். மதிப்பெண்ணுக்குத் தந்தையார் எழுதிய பதிலை மட்டும் என்னிடம் காட்ட மறுத்துவிட்டாள்!

4. விளையாட்டு நூல்கள்

விளையாட்டு நூல்களை மூன்றாகப் பிரிக்கலாம்: விதிகளைச் சொல்வன, பயிற்சியைச் சொல்வன, வீரர்களின் வாழ்வைச் சொல்வன.

முதல் இரண்டு வகைக்கும் தமிழில் தனியொருவராகக் களஞ்சியம் கட்டியவர் உடற்கல்வி ஆசிரியர் டாக்டர் எஸ். நவராஜ் செல்லையா. விளையாட்டு, உடற்பயிற்சி பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களைத் தமிழில் எழுதினார். 'விளையாட்டுக் களஞ்சியம்' என்ற மாத இதழையும் நடத்தினார். சடுகுடு, கைப்பந்து, ஓட்டம், தாண்டுதல் என்று எதைக் கேட்டாலும் ஆங்கில விதிநூலையே நம்பியிருந்த காலத்தில், நம் கிராமத்து ஆசிரியரும் தமிழில் படித்து ஆடுகளம் போட வழி செய்தார். ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்களைத் தேடி அமைத்த பணியும் அவருடையது.

விதி நூலைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை: விதிகள் மாறும். ஆகவே, பதிப்பு ஆண்டைப் பார்த்த பிறகே படியுங்கள். கபடியில் ஒரு முறை பாடிச் செல்ல 30 வினாடி. பெண்களின் ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். பழைய நூலில் வேறு அளவு இருந்தால் நூலைக் குறை கூற வேண்டாம். அது அன்றைய விதி. ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990இல் சேர்ந்தது. பெண்கள் கபடி 2010இல்தான் சேர்ந்தது. இடையில் இருபது ஆண்டுகள்! அந்த இருபது ஆண்டுகளில் ஆடத் தெரிந்தும் வாய்ப்பின்றிப் போன பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

பயிற்சி நூல் எவ்வளவு சொன்னாலும், கால் கற்பது களத்தில்தான். கோ-கோவில் துரத்தும் அணியில் எட்டுப் பேர் வரிசையாக, ஒருவர் ஒரு பக்கமும் அடுத்தவர் மறுபக்கமும் பார்த்து அமர்ந்திருப்பார்கள், ஒன்பதாமவர் துரத்துவார். எதிரணியிலிருந்து மூவர் மூவராக உள்ளே வருவார்கள். துரத்துபவர் எடுத்த திசையை மாற்றக் கூடாது. நடுக்கோட்டையும் தாண்டக் கூடாது. தப்பி ஓடுபவருக்கோ இரண்டும் உண்டு. அதனால்தான் எவ்வளவு வேகமாக ஓடுகிறவளும் சரியான தருணத்தில் தோழியின் முதுகைத் தொட்டு, "கோ" கொடுத்து உட்கார்ந்துவிட வேண்டியிருக்கிறது. தன் முறையை விட்டுக்கொடுக்கத் தெரியாதவள் அந்த ஆட்டத்தில் நிற்க முடியாது. இந்தப் பாடத்தைப் பத்துப் பக்கம் படிப்பதைவிடப் பத்து நிமிடம் ஆடினால் விளங்கும்.

மூன்றாவது, வாழ்க்கை வரலாறுகள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 வினாடியில் ஓடி, நூறில் ஒரு வினாடியில் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். 1987இல் வந்த அவருடைய தன் வரலாறு ஆங்கிலத்தில் உள்ளது. வெற்றி பெற்றவரின் நூலைவிட, நான்காவதாக வந்தவரின் கதை மாணவியருக்கு அதிகம் கற்றுத் தரும் என்பது என் எண்ணம். ஏனெனில், நம்மில் பெரும்பாலோர் முதலாவதாக வரப்போவதில்லை. வென்றவர்களின் நூலைப் படிக்கும்போது, அதே உழைப்பை உழைத்தும் வெல்லாதவர்கள் நூல் எழுதுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

விளையாட்டு ஏன் வேண்டும் என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு கணக்கு: 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது ஓடியாடி உடல் வியர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உங்கள் வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் உறக்கமும் தேவை. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் திடல் ஒன்று இருக்கிறது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே பறக்கின்றன. அந்த இயந்திரத்துக்குக்கூடச் சில சுற்றுக்கு ஒரு முறை நின்று டயர் மாற்ற வேண்டியிருக்கிறது. மனிதப் பிள்ளைக்கு ஓய்வு வேண்டாமா?

5. படிக்கும் முறை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து, ஐந்து கேள்விகளாகத் தருகிறேன். குறிப்பேட்டில் எழுதிக்கொள்க.

(1) எழுதியவர் யார்? எந்த ஆண்டு? மருத்துவம் பேசுபவர் மருத்துவம் கற்றவரா? விதி பேசும் நூலின் பதிப்பு புதியதா?

(2) யாருக்காக எழுதியது? நாற்பது வயது அலுவலருக்குச் சொன்ன உணவுக் கட்டுப்பாடு, வளரும் பெண்ணுக்கு ஆகாது. அதைப் பின்பற்றிக் காலைச் சிற்றுண்டியை விட்டுவிட்டு மயங்கி விழுந்தவர்கள் நம் பிரார்த்தனைக் கூட்டத்திலேயே உண்டு.

(3) ஆதாரம் என்ன? "என் நண்பர் ஒருவர்" என்று தொடங்கும் கதை சுவையாக இருக்கலாம்; அது சான்று ஆகாது. இக்கட்டுரையில் நான் சொன்ன மாணவியின் கதையும் அப்படித்தான்! அதைக் கேட்டு, களைப்பு என்றாலே இரத்தசோகை என்று முடிவு கட்டாதீர்கள், பரிசோதித்துப் பாருங்கள்.

(4) யார்மீது பழி போடுகிறது? எல்லாம் உன் குற்றம் என்கிறதா? எல்லாம் பிறர் குற்றம் என்கிறதா? இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கும்.

(5) பதினைந்து நாளில் செய்து பார்க்கக் கூடியது ஒன்றாவது இருக்கிறதா? இருந்தால் செய்து பாருங்கள். பயன் தெரியாவிட்டால் உங்களை நொந்துகொள்ளாமல், ஆசிரியையிடமோ, சிஸ்டரிடமோ, பெற்றோரிடமோ வாருங்கள்.

மனத்தில் தாங்க முடியாத பாரம் இருக்கும்போது எந்தப் புத்தகத்தோடும் தனியே போராட வேண்டாம். சிறுவர் சிறுமியர் எந்நேரமும் இலவசமாக அழைக்க 1098 என்ற எண் இருக்கிறது. மன நலத்திற்கு 14416 இருக்கிறது. புத்தகத்தை மூடிவிட்டு ஒருவரிடம் வாய் திறந்து பேசுவதும் அறிவுடைமையே.

முடிவுரை

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளை படிப்பதற்கு நூலைவிட அருமையானது நேரம். கோரல் ஆலையிலும் பெரம்பூரிலும் நம் முன்னோர் பாடுபட்டது கூலிக்காக மட்டும் அன்று, ஓய்வுக்காகவும்தான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு கட்டியது அத்தகைய போராட்டங்களுக்குப் பின்னரே. அப்படிக் கிடைத்த ஓய்வில் வாரம் அரை மணி நேரமாவது மகளோடு உட்கார்ந்து ஒரு நூலின் இரண்டு பக்கத்தைப் படியுங்கள். இயலாத வாரத்தில் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் என்ன? மகள் அதைத்தான் பத்திரப்படுத்தி வைப்பாள்.

குறுவட்டப் போட்டியில் நம் கோ-கோ அணி இரண்டாம் ஆட்டத்தில் தோற்றுவிட்டது. தோற்ற அணியில் அந்த மாணவியும் இருந்தாள். இரவு ஷிப்டு முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், கம்பெனிச் சீருடையோடு வேலி ஓரத்தில் நின்று ஆட்டம் பார்த்த ஒருவரை நான் கண்டேன். ஆட்டம் முடிந்ததும் அவர் மகளிடம் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அன்றிரவு நோட்டில் அவர் என்ன எழுதினாரோ, நான் கேட்கவில்லை.

மாணவியரே! நல்ல நூல்களைத் தேடிப் படியுங்கள். கேள்வி கேட்டுப் படியுங்கள். படித்ததைச் செய்து பாருங்கள். நலம் பெருகுக! நம் இல்லங்கள் சிறக்க!

பயிற்சி

1. வ.உ. சிதம்பரனார் தொழிலாளருக்குத் துணை நின்றதும், சிறையில் 'மனம்போல வாழ்வு' நூலைத் தமிழாக்கியதும் ஒன்றுக்கொன்று முரணா? உன் கருத்தை எழுதுக.

2. உன் வீட்டில் உள்ள நலம் பற்றிய நூல் ஒன்றை எடுத்து, ஐந்து கேள்விகளையும் கேட்டு, விடைகளை ஒரு பக்கத்தில் எழுதுக.

3. நேரில் சொல்லத் தயங்கும் செய்தி ஒன்றை உன் தாயாருக்கோ தந்தையாருக்கோ பத்து வரியில் கடிதமாக எழுதுக. (இதை ஆசிரியையிடம் காட்ட வேண்டியதில்லை.)